திரையை வாசிக்கும் குரல்

நான் பத்திரிகைத் தொழிலில் நுழைந்த காலத்தில் ஒப்புநோக்குவோர் இருவராகவே அமர்வர். ஒருவர் மூலப்பிரதியை உரத்து வாசிக்க, மற்றவர் அச்சுப்படியில் பிழை திருத்துவார். வாசிப்பவர் எழுந்து சென்றால் வேலை நின்றுவிடும். விழிப்புலனற்றோரின் வாசிப்பும் பெரும்பாலும் இப்படிப் பிறர் குரலையே நம்பியிருந்தது.

இந்நிலையைக் கணினி மாற்றத் தொடங்கியது. விபத்தொன்றில் பார்வையிழந்த அமெரிக்கர் டெட் ஹென்டரின் நிறுவனம், திரையிலுள்ள எழுத்துக்களைச் செயற்கைக் குரலில் வாசிக்கும் 'ஜோஸ்' மென்பொருளை 1989இல் வெளியிட்டது. விண்டோஸ் கணினிக்கான பதிப்பு 1995இல் வந்தது. ஆனால் அதன் விலை அக்காலத்தில் ஏறத்தாழ ஆயிரம் அமெரிக்க டொலராக இருந்தது. பார்வையுள்ளவர் வாங்கும் அதே கணினியை வாங்கிய பின்னரும், அதைப் பயன்படுத்துவதற்கென இன்னொரு பெருந்தொகையை விழிப்புலனற்றவர் ஏன் செலுத்தவேண்டும்?

இக்கேள்விக்கான விடை அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. விழிப்புலனற்ற இளைஞரான மைக்கல் கரன் 2006 ஏப்ரலில் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். சிறுவயதில் இசை முகாமொன்றில் அறிமுகமான நண்பர் ஜேம்ஸ் டேயும் அவருடன் இணைந்தார். அவரும் விழிப்புலனற்றவரே. 2007இல் இருவரும் இலாப நோக்கற்ற நிறுவனமொன்றை அமைத்தனர். மென்பொருள் இலவசம், அதன் மூலநிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம். சிறிய யூ.எஸ்.பி. குச்சியில் எடுத்துச்சென்று வேறொருவர் கணினியிலும் இயக்கலாம். ஜொனதன் டடிங்டன் உருவாக்கிய 'ஈஸ்பீக்' என்னும் இலவசக் குரலும் அதனுடன் சேர்ந்தது. இயந்திரத்தனமான அக்குரல் தமிழும் பேசும்.

ஆனால் எமது பக்கத்தில் ஒரு தடை இருந்தது. நாம் பல்லாண்டுகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்தோம். கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கோ ஆங்கில எழுத்துக்கள். 'அம்மா' என்பது அதற்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். யுனிகோட்டில் எழுதினால் மாத்திரமே திரைவாசிப்பான் 'அம்மா' என்று சொல்லும்.

ஓய்வுபெற்ற விழிப்புலனற்ற ஆசிரியர் ஒருவர் எனது பழைய கட்டுரையொன்றைப் பற்றித் தொலைபேசியில் சொன்னார்: "ஐயா, உங்கட கட்டுரை எனக்கு ஆங்கில எழுத்தாய்த்தான் கேட்குது." நான் வெட்கினேன். எவரையும் எதிர்பாராமல் வாசிக்க அவருக்கு இலவசக் கருவி கிடைத்திருந்தது. கதவை மூடி வைத்திருந்தவன் நான்.

அன்றிலிருந்து பழைய கட்டுரைகளை ஒவ்வொன்றாக யுனிகோட்டுக்கு மாற்றி வருகிறேன். மாற்றிய பின் அந்த இயந்திரக் குரலையே வாசிக்கவிட்டு ஒப்புநோக்குகிறேன். அது எழுந்து செல்வதில்லை.