ஊசி யார் கையில்?

ஊசி போட்டுக்கொள்ளாதவர் நம்மில் அரிது. மருந்தை எழுதித் தருபவர் மருத்துவர். ஊசியைப் போடுபவர் பெரும்பாலும் செவிலியர். இந்த ஏற்பாட்டை நாம் கேள்வி கேட்பதில்லை. ஆனால் நோயே இல்லாத ஒருவர், கன்னத்துச் சுருக்கம் மறைய வேண்டும், உதடு சற்றுப் பருமனாக வேண்டும் என்று ஊசி போட்டுக்கொள்ள வந்தால், அதைப் போட வேண்டியவர் யார்? மருத்துவரா, செவிலியரா? பிரிட்டனில் நெடுநாளாக நடந்துவரும் விவாதம் இது. இதற்கு விடை காண வேண்டுமானால், அந்த ஊசியின் கதையைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

1853-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் உட், பிரான்சில் சார்ல்ஸ் பிரவாஸ் என்னும் இரு மருத்துவர்கள் தனித்தனியே உட்குழல் ஊசியைப் பயன்படுத்தினர். உடலுக்குள் ஒரு பொருளை நேரே செலுத்தும் வழி திறந்தது. மருந்தை மட்டுந்தானா செலுத்த முடியும்?

1899-ஆம் ஆண்டில் வியன்னா நகரின் அறுவை மருத்துவர் ராபர்ட் கெர்சூனி, காசநோயால் விதைகளை இழந்த ஓர் இளைஞருக்கு, அவ்விடத்தின் வடிவத்தை மீட்க வாசலைனைச் செலுத்தினார். உருவம் கிடைத்தது. உடனே பலரும் இம்முறையைப் பின்பற்றினர். பள்ளமான மூக்கு, சுருங்கிய முகம் ஆகியவற்றில் பாரஃபின் மெழுகை உருக்கிச் செலுத்தினர். பின்னர் நடந்தது என்ன? மெழுகு வைத்த இடத்தில் நிற்கவில்லை. கட்டிகள் தோன்றின, தோல் புண்ணாயிற்று. மூக்கில் பாரஃபின் செலுத்தப்பட்ட ஒருவர் பார்வை இழந்த செய்தி 1903-லேயே மருத்துவ ஏட்டில் வெளிவந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் திரவ சிலிக்கோன் வந்தபோதும் இதே கதை நடந்தது. அதன் கேடுகளைக் கண்டு அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 1970-களின் நடுவில் அந்த ஊசியைச் சட்டத்தால் தடுத்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பாரஃபினைச் செலுத்தியவர்கள் பட்டம் பெற்ற மருத்துவர்கள்! பட்டம் ஒன்றே பாதுகாப்பு ஆகிவிடவில்லை.

இன்று பெரிதும் பயன்படுவது ஹயலுரானிக் அமிலக் கூழ். கார்ல் மேயர், ஜான் பால்மர் என்போர் 1934-இல் மாட்டின் கண்ணிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது. நம் தோலிலும் இயல்பாகவே உள்ளது. இதற்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு: ஹயலுரானிடேஸ் என்னும் நொதி இதைக் கரைத்துவிடும். மெழுகையோ சிலிக்கோனையோ அவ்வாறு கரைக்க இயலாது.

அப்படியானால் அபாயம் நீங்கிற்றா? இல்லை. ஊசி முனை தவறிக் குருதிக்குழலுக்குள் நுழைந்தால், கூழ் அதை அடைத்துவிடும். குருதி பெறாத தோல் கருகத் தொடங்கும். மூக்கின் மேற்பகுதியிலும் புருவங்களுக்கு இடையிலும் உள்ள தமனிகள் கண்ணுக்குச் செல்லும் தமனியோடு இணைந்தவை. ஊசியை அழுத்தும் விசையால் கூழ் குருதியோட்டத்தை எதிர்த்துப் பின்னோக்கிச் சென்று, பிறகு விழித்திரையின் தமனியில் போய் அடைத்துக்கொள்ளலாம். சில மணி நேரத்துக்குள் விழித்திரை மீளாத கேடடையும். நொதியைச் செலுத்தினாலும் பார்வை திரும்பும் என்ற உறுதி இல்லை.

இனி பிரிட்டனுக்கு வருவோம். அங்கே மருத்துவர்களுக்கான பதிவேடு 1858-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. செவிலியருக்கோ 1919-இல்தான் வந்தது. 2006 முதல், தனிப் பயிற்சி பெற்ற செவிலியர் தாமே பெரும்பாலான மருந்துகளை எழுதித் தரும் உரிமையும் பெற்றனர். அழகு ஊசியில் தேர்ந்த செவிலியர் பலர் உருவாயினர். “உடற்கூற்றியலை ஆழ்ந்து கற்றவர் நாங்கள்” என்பது மருத்துவர் தரப்பு. “நாள்தோறும் இதையே செய்து பழகிய கை எங்களுடையது” என்பது செவிலியர் தரப்பு.

ஆனால் இருவரும் வாதாடிக்கொண்டிருக்க, மூன்றாவது ஆள் ஒருவர் உள்ளே புகுந்துவிட்டார். கூழ் அங்கே மருந்தாகக் கருதப்படவில்லை. ஆகவே எந்தப் பயிற்சியும் இல்லாதவர்கூட அதைச் செலுத்த முடிந்தது. அதைக் கரைக்கும் நொதியோ, மருந்துச் சீட்டு இருந்தால் மட்டுமே கிடைப்பது! பூட்டை யாரும் பூட்டலாம். சாவி மட்டும் சிலரிடமே இருக்கும் என்பது போன்ற நிலை இது. பேனா வாங்குபவருக்கு உள்ள பாதுகாப்புக்கு மேல் இந்த ஊசி போட்டுக்கொள்பவருக்கு இல்லை என்ற கருத்தை 2013-இல் அறுவை மருத்துவர் புரூஸ் கியோ தலைமையிலான குழு வெளியிட்டது. 18 வயது நிரம்பாதோர்க்கு அழகுக்காக இந்த ஊசி போடுவதை இங்கிலாந்து 2021-இல் தடை செய்தது. உரிமம் வழங்கும் முறையை ஏற்படுத்த 2022-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்கு அதிகாரம் தந்தது.

எனவே, மருத்துவரா செவிலியரா என்று மட்டும் கேட்பது போதாது. முகத்தின் குருதிக்குழல்களை அறிந்தவரா? தோல் வெளுப்பதைக் கண்டவுடன் இன்னது நேர்ந்தது என உணர்வாரா? நொதி அவர் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளதா? தவறினால் பதில் சொல்ல வேண்டிய பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா? இந்த நான்கிற்கும் ஆம் என்று சொல்லக்கூடியவர் செவிலியரானாலும் தகுதியுடையவரே. சொல்ல இயலாதவர் மருத்துவரானாலும் ஊசியைத் தொடாதிருப்பதே நல்லது.