பேரரசரின் மதிய விருந்தும் ஓர் உல்லாசப் பயணியும்

1905 செப்டம்பர் 20 அன்று, சியோல் நகரில் தொக்சுகுங் அரண்மனையைச் சேர்ந்த ஜுங்மியோங்ஜோன் என்னும் செங்கல் மாளிகையில், கொரியப் பேரரசர் கோஜோங் 21 வயது அமெரிக்கப் பெண் ஒருவருக்கு மதிய விருந்தளித்தார். விருந்தினர் அலீஸ் ரூஸ்வெல்ட். அன்றைய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் மூத்த மகள். அவ்விருந்தின் உணவுப் பட்டியல் இன்று நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. அவருக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்ட ஒளிப்படங்கள் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கொரியா இறையாண்மையை இழந்த வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒப்பந்தங்களையும் தந்திகளையுமே முதற்சான்றுகளாகக் கொள்கின்றனர். ஓர் உல்லாசப் பயணத்தின் நினைவுப் பொருள்களாக எஞ்சிய இத்தாள்களும் அதே தரத்தில் வைத்துப் படிக்கத்தக்கவை.

பயணம் அரசியலும் பொழுதுபோக்கும் கலந்தது. போர்த்துறைச் செயலர் வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட் தலைமையில் மேலவை, கீழவை உறுப்பினர்களும் அவர்தம் குடும்பத்தினருமாக ஒரு பெருங்குழு 1905 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ‘மஞ்சூரியா’ என்னும் கப்பலில் ஜப்பானுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் புறப்பட்டது. கையடக்கக் கோடாக் கேமராக்கள் பரவிவிட்ட காலம் அது. வசதி படைத்த பயணி எவரும் படம்பிடிப்பவராகலாம். செய்தித்தாள்களின் கவனமோ அலீஸின் உடைகளிலும் அவரது காதல் விவகாரத்திலும் குவிந்திருந்தது. அந்த ஆரவாரத்தின் நிழலில், ஜூலை 27 அன்று டோக்கியோவில் டாஃப்ட்டும் ஜப்பானியப் பிரதமர் கட்சுரா தாரோவும் தனித்துப் பேசினர். பிலிப்பைன்ஸில் ஜப்பானுக்கு நாட்டமில்லை என்பதும், கொரியாவின் மீது ஜப்பானின் மேலாண்மையை டாஃப்ட் ஏற்கிறார் என்பதும் அவ்வுரையாடலின் குறிப்பில் பதிவாயின. அக்குறிப்பை வரலாற்றாசிரியர் டைலர் டெனெட் வெளியிட்டது 1924இல்தான். கோஜோங்கின் அவைக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

டாஃப்ட் தாயகம் திரும்பிய பின், அலீஸ் பெய்ஜிங் சென்று சீனப் பேரரசித் தாய் சீஷியைச் சந்தித்துவிட்டுக் கொரியா வந்தார். அவர் எவருடைய தூதருமல்லர். ஆயினும் நாட்டுத் தலைவரின் மகளை அரண்மனை இளவரசியாகவே கருதி வரவேற்றது. காரணம் வெளிப்படை. 1882ஆம் ஆண்டு கொரிய அமெரிக்க உடன்படிக்கையின் முதல் விதி, ஒரு தரப்பு மூன்றாம் நாட்டால் அநீதிக்குள்ளானால் மறுதரப்பு நல்லெண்ணத் தலையீடு செய்யும் என உறுதி கூறியது. ரஷ்ய ஜப்பானியப் போரை முடித்த போர்ட்ஸ்மத் உடன்படிக்கை கொரியாவில் ஜப்பானின் நலன்களுக்கு முதலிடம் தந்து கையெழுத்தாகி, அலீஸ் சியோலை அடைந்தபோது இரண்டு வாரமே ஆகியிருந்தது. எஞ்சியிருந்த வாசல் அந்த முதல் விதி ஒன்றே.

இப்பின்னணியில் உணவுப் பட்டியலைப் படிக்க வேண்டும். கோஜோங்கின் அவையில் அயல்நாட்டார் விருந்துகளை அல்சாஸில் பிறந்த அந்துவானெத் சோன்டாக் என்னும் பெண்மணி கவனித்துவந்தார். மேலை நாட்டுச் சமையலே அங்கு வழக்கம். அன்று பரிமாறப்பட்டவையோ கொரிய உணவுகள். முதலில் வருவது யொல்குஜாதாங், ‘வாய்க்கு இன்பந்தரும் சாறு’ என்று பொருள். நடுவே கரி கனலும் குழல் பொருந்திய பாத்திரத்தில் இறைச்சி, மீன், முட்டை அடை, காளான் ஆகியவற்றை நிறவாரியாக அடுக்கிச் சாறூற்றிக் கொதிக்கக் கொதிக்க வைப்பார்கள். பல பொருள்களைக் கலந்து பிசறிய நூடுல்ஸ் கொல்தோங்மியோன். மீன் துண்டுகளை மாவிலும் முட்டையிலும் தோய்த்துப் பொரித்தது ஜோன்யூஓ. அபலோன் என்னும் கடற்சிப்பியைச் சோயாவில் சுண்டவைத்தது ஜோன்பொக்சோ. இறைச்சியும் காய்களும் நிறம் மாற்றிக் கோத்த ஹ்வாயாங்ஜோக்கும், ஒட்டரிசியைத் தேன், சீன இலந்தை, செஸ்ட்நட் ஆகியவற்றோடு ஆவியில் வேகவைத்த யாக்சிக்கும், தேன்நீரில் மிதக்கும் அரிசி உருண்டைகளும் தொடர்கின்றன. தொட்டுக்கொள்ளக் காடி கலந்த சோயா, கடுகு, தேன்.

சமையல் வரலாறு அறிந்தவர் இங்கே நிற்க வேண்டும். இவை மன்னரின் அன்றாட உணவு அல்ல. ஜோசோன் அரசவிழாக்களைச் செலவுக் கணக்கோடு பதிவுசெய்த ‘உய்க்வே’ ஏடுகளில் அரண்மனைப் பெருவிருந்துகளுக்கு உரியனவாகக் காணப்படும் வகையைச் சார்ந்தவை. அரசு தன் மரபின் முழு மரியாதையையும் ஒரு மதிய உணவில் திரட்டி வைத்தது என்றே இதைப் பொருள்கொள்ள வேண்டும். விருந்தோம்பல் என்ற பொதுச்சொல் இதற்குப் போதாது.

ஒளிப்படமும் அவ்வாறே. 1884இல் அமெரிக்கரான பெர்சிவல் லோவெல் கோஜோங்கைப் படமெடுத்தது முதல், தம் உருவப்படத்தை அரசதந்திரக் கருவியாகக் கையாளும் பழக்கம் அவரிடம் வளர்ந்தது. அதே 1905இல் ஓவியரும் ஒளிப்படக் கலைஞருமான கிம் கியூஜின் எடுத்து வண்ணம் தீட்டிய பேரரசரின் படமொன்று அமெரிக்க இரயில்வே முதலாளி எட்வர்ட் ஹாரிமனுக்குச் சென்றது. அலீஸுக்குப் பேரரசரும் பட்டத்து இளவரசரும் தத்தம் படங்களை அளித்தனர். இவை வெறும் அன்பளிப்புகளல்ல. ‘இந்நாட்டுக்கு ஓர் அரசர் இருக்கிறார்’ என்று வாஷிங்டனில் சொல்லவேண்டிய சான்றுகள்.

பயணியின் கேமரா வேறு மொழி பேசியது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் உள்ள வில்லர்ட் ஸ்ட்ரெய்ட்டின் சேகரிப்பில், ஹோங்னுங் கல்லறை வளாகத்துக் கல் விலங்கொன்றின் மீது அலீஸ் அமர்ந்திருக்கும் படம் இருக்கிறது. 1895இல் ஜப்பானியர் அரண்மனைக்குள் புகுந்து வெட்டிக் கொன்ற பேரரசி மியோங்சோங் துயின்ற இடம் அது. சோன்டாக்கின் பொறுப்பைத் தற்காலிகமாக ஏற்றிருந்த ஜெர்மானியப் பெண்மணி எம்மா க்ரோபெல் 1909இல் இந்நிகழ்ச்சியைக் காரசாரமாக எழுதினார். அமெரிக்கத் தரப்பு மறுத்தது. க்ரோபெலின் வருணனையில் மிகை இருக்கலாம். ஆனால் அலீஸ் அமர்ந்தார் என்பதைப் படம் காட்டுகிறது. பயணிக்கு அது ஒரு வேடிக்கைக் காட்சி. அரசவைக்கோ பத்தாண்டாகியும் ஆறாத புண்.

விருந்து நடந்து 58ஆம் நாள், நவம்பர் 17 அன்று, அதே ஜுங்மியோங்ஜோன் மாளிகையில் கொரியாவின் வெளியுறவு உரிமையை ஜப்பானிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை படைக்காவலின் நடுவே திணிக்கப்பட்டது. அடுத்த சில நாள்களிலேயே அமெரிக்கா தன் தூதரகத்தைத் திரும்பப் பெற முடிவுசெய்தது. அவ்வாறு செய்த முதல் நாடு அதுவே. கோஜோங்கின் கடிதத்தோடு வாஷிங்டன் சென்ற ஹோமர் ஹல்பர்ட்டைக் குடியரசுத் தலைவர் சந்திக்கவில்லை. அலீஸ் 1933இல் வெளியிட்ட நினைவு நூலில் அவ்விருந்தையும் படங்களையும் சில வரிகளில் நினைவுகூர்ந்து, தந்தையையும் மகனையும் இரக்கத்துக்குரிய இருவராகவே சித்திரித்தார்.

பட்டியலுக்கு மற்றொரு பயனும் உண்டு. இன்று கொரிய அரண்மனைச் சமையல் எனக் கற்பிக்கப்படுவதில் பெரும்பகுதி, அரண்மனைச் சமையற்கூடத்தில் பணிபுரிந்த ஹான் ஹுய்சுன் தம் நினைவிலிருந்து ஹ்வாங் ஹேசோங்குக்குக் கற்றுத்தந்தது. 1970களின் தொடக்கத்தில் அரசு அதை அருமரபாக அறிவித்தது. அந்நினைவில் மிகுதியும் தங்கியிருந்தது 1910க்குப் பின் ஆட்சியிழந்து சுருங்கிய அரண்மனையின் அடுப்படி. நியூயார்க்கில் உள்ள தாளோ, கோஜோங் பேரரசராக அமர்ந்து உணவளித்த நாளுக்கு உரியது.