மூன்று நிமிஷத்தில் ஒரு ராகம்

1960 வாக்கில் கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் நாங்கள் குடியிருந்தோம். அப்பாவிடம் சாவி கொடுக்கும் கிராமபோன் ஒன்றும், நாற்பது இசைத்தட்டுகளும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை காபி ஆனதும் தட்டு சுழல ஆரம்பிக்கும். ஊசி மாற்றுவது என் வேலை.

நம் நாட்டில் இசைத்தட்டின் கதை பெரிய அளவில் தொடங்கியதும் அதே கல்கத்தாவில்தான். 1902 நவம்பரில் லண்டன் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பர்க் அங்கு வந்து பாடகி கோஹர் ஜானைப் பதிவு செய்தார். அப்போது மைக் கிடையாது. பெரிய குழாய்க்குள் உரக்கப் பாட வேண்டும். பாட்டு முடிந்ததும் கோஹர் ஜான் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்வார். ஜெர்மனியில் தட்டு அச்சிடுகிறவர்களுக்குப் பாடியது யார் என்று தெரிய வேண்டுமே! 1908-ல் கல்கத்தா சியால்டாவில் தொழிற்சாலை வந்த பிறகு தட்டுகள் இங்கேயே தயாராயின.

அந்தக் கறுப்புத் தட்டு வினைல் அல்ல, அரக்கு. கெமிஸ்ட்ரி படித்தபோதுதான் எனக்கு இது விளங்கியது. சோட்டா நாக்பூர் காடுகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினோடு கல்பொடி கலந்து செய்வார்கள். நிமிஷத்துக்கு 78 சுற்று. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷம்தான். இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடும் வினைல் எல்.பி. அமெரிக்காவில் 1948-ல்தான் வந்தது.

மணிக்கணக்கில் பாடும் வித்வான்களுக்கு மூன்று நிமிஷம் எம்மாத்திரம்? ஆனால் அப்துல் கரீம் கானின் 'ஜமுனா கே தீர்' கேளுங்கள். முதல் வரியிலேயே பைரவி முழுசாக வந்து நிற்கும். அநாவசியமாக ஒரு ஸ்வரம் இருக்காது. தியாகராஜ கிருதியையும் தட்டில் பாடியவர் அவர். 1937-ல் சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போகும் வழியில், சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் காலமானார்.

1984-ல் எனக்கு டெல்லிக்கு மாற்றல். கேசட் வந்துவிட்ட காலம், அப்பாவும் போய்விட்டார். பாரம் குறையட்டும் என்று தட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டேன். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊசி டப்பாவை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். அது இன்றும் என் மேஜையில் இருக்கிறது. கோஹர் ஜானை இப்போது செல்போனிலேயே கேட்கலாம். ஆனால் அப்பாவின் நாற்பதில் சில பாட்டுகளை எங்கு தேடியும் கிடைக்கவில்லை.

அங்கத்தினர்களில் யார் வீட்டுப் பரணிலாவது 78 தட்டுகள் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வெயில் படாமல் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். ஸ்பிரிட் போட்டு மட்டும் துடைக்காதீர்கள்; அரக்கு அதில் கரைந்துவிடும். வீட்டில் வைக்க இடமில்லையென்றால், தட்டு சேகரிக்கும் ரசிகர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். நான் செய்த தவறை நீங்களும் செய்ய வேண்டாம்.