பழைய வீடு வாங்குமுன்

புதுச்சேரியில் பழைய வீடு வாங்குவோருக்கு வில்லங்கச் சான்று மட்டும் போதாது; மூலப்பத்திரத்தையும் படிக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் நொத்தேர் எழுதிய பத்திரங்கள் பிரெஞ்சில்தான் இருக்கும்.

1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, தங்கள் வழக்கச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் ரெனோன்சான்கள். அவர்கள் வம்சத்துக்கும் அதுவே சட்டம். 1962-இல் இந்தியாவோடு சட்டப்படி இணைந்த பின்னும் அது தொடர்ந்தது. அதில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. மூன்று பிள்ளைகள் உள்ளவர் சொத்தில் கால் பங்கைத்தான் உயிலில் இஷ்டப்படி எழுத முடியும்.

என் தம்பி மகன் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுக்க இருந்தான். பழைய பத்திரத்தை வாங்கிப் படித்தேன். விற்பவரின் தாத்தா ரெனோன்சான். பிரான்சில் இருக்கும் அத்தைக்கும் பங்கு உண்டு. அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. அந்த அம்மாள் கையெழுத்திட்ட பிறகே பணம் கொடுத்தோம்.

பள்ளியில் அடிவாங்கிப் படித்த பிரெஞ்சு அன்றைக்குத்தான் கைகொடுத்தது.