பிழை சொல்லாத பகுப்பிகள்: எழுத்துருப் பண்புச் சரங்களைப் படிக்கும் செயற்கூறுகள் குறித்து

திரையில் தமிழ் எழுத்து உருவாகும் முறையைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் வடிவமாக்கும் கட்டத்தைச் சுற்றியே நடக்கின்றன. ஒற்றைக்கொம்பு எப்படி மெய்க்கு முன்னால் போய் அமர்கிறது, ஒகரக் குறி எப்படி இரண்டாகப் பிரிந்து மெய்யின் இருபுறமும் நிற்கிறது என்பவை நன்றாக ஆராயப்பட்ட செய்திகள். அதற்கு முன்பே நடந்துவிடும் ஒரு வேலை இந்தக் கவனத்தைப் பெறவில்லை. பயனரோ நிரலரோ எழுதித் தரும் ஒரு வரிச் சரத்தைப் படித்து, எழுத்துருக் குடும்பம், தடிமன், சாய்வு, அளவு, அம்சங்கள் எனப் பிரித்து, எண்களாகவும் குறிகளாகவும் மாற்றித் தரும் வேலை அது. மூலநிரலில் துணைக் கோப்புகளில் ஒதுங்கிக் கிடக்கும் சிறு செயற்கூறுகளே இதைச் செய்கின்றன. சரியான சரத்தை எந்தப் பகுப்பியும் படித்துவிடும். தவறான சரத்துக்கு அது என்ன பதில் சொல்கிறது என்பதில்தான் அதன் தரம் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். இப்போது புழங்கும் செயற்கூறுகளில் பல, தவறைத் தவறென்று சொல்லாமல் ஏதோ ஒன்றை ஊகித்துக் கொடுக்கின்றன. அந்த ஊகத்தின் சுமை லத்தீன் அல்லாத எழுத்துகளின் மேல்தான் அதிகம் விழுகிறது.

1980களின் இறுதியில் எக்ஸ் சாளர அமைப்பு எழுத்துருப் பெயருக்கென்று ஒரு கண்டிப்பான வடிவத்தை வகுத்தது. பதினான்கு புலங்கள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு இடைக்கோடு. தயாரிப்பாளர், குடும்பம், தடிமன், சாய்வு என்று தொடங்கி எழுத்துக் குறிமுறையில் முடியும். புள்ளி அளவைப் பத்தால் பெருக்கி எழுத வேண்டும். 12 புள்ளிக்கு 120. புலத்தின் மதிப்புக்குள் இடைக்கோடு வரக்கூடாது. இவ்வளவு கறாராக இருந்தும், எதற்கும் பொருந்தும் உடுக்குறி இடைக்கோடுகளையும் சேர்த்தே விழுங்கியதால், ஒரு புலத்துக்கென்று போட்ட உடுக்குறி பல புலங்களைத் தாண்டிப் பொருந்திவிடும்.

பின்னால் வந்த ஃபாண்ட்கான்ஃபிக் மனிதர் எழுதக்கூடிய வடிவத்தைக் கொண்டுவந்தது. குடும்பப் பெயர், இடைக்கோடு, அளவு, பிறகு முக்காற்புள்ளி இட்டுப் பண்புகள். பெயருக்குள்ளேயே இடைக்கோடோ காற்புள்ளியோ இருந்தால் அதன் முன்னால் ஒரு பின்சாய்கோடு போட வேண்டும். இலக்கணம் தெளிவாக இருக்கிறது. சிக்கல் எண்ணில் இருக்கிறது. ஓப்பன்டைப்பும் சிஎஸ்எஸ்ஸும் தடிமனை 1 முதல் 1000 வரையான அளவுகோலில் சொல்கின்றன. இயல்பு 400, தடித்தது 700. ஃபாண்ட்கான்ஃபிக் தனக்கென்று வேறொரு அளவுகோல் வைத்திருக்கிறது. அதில் இயல்பு 80, தடித்தது 200. ஆக, ‘தடிமன் 200’ என்ற ஒரே கோரிக்கை சிஎஸ்எஸ்ஸில் மிக மெல்லிய எழுத்தையும் ஃபாண்ட்கான்ஃபிக்கில் தடித்த எழுத்தையும் கேட்கிறது. ஒன்றை மற்றொன்றாக நேரே பெருக்கி மாற்றவும் முடியாது. ஓப்பன்டைப்பின் 400க்கும் 500க்கும் உள்ள தொலைவு ஃபாண்ட்கான்ஃபிக்கில் 20 அலகு. 500க்கும் 600க்கும் உள்ள தொலைவு 80 அலகு. இதற்காகவே அந்த நூலகத்தில் இரு திசைக்கும் மாற்றித் தரும் செயற்கூறுகள் உண்டு. ஆனால் சரத்தைப் படிக்கும் கட்டத்தில் இந்த எண் எந்த அளவுகோலைச் சேர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு அளவுகோலிலும் 200 செல்லுபடியாகும் எண் என்பதால் பிழைச் செய்தி வர வழியே இல்லை.

பாங்கோ நூலகத்தின் செயற்கூறு இன்னும் நெகிழ்வானது. க்னோம் மேசைத்தளம் எழுத்துரு அமைப்பை ‘கேண்டரெல் 11’ என்பது போன்ற சரமாகச் சேமித்து வைப்பது இதை நம்பித்தான். இது சரத்தை இறுதியிலிருந்து முன்னோக்கிப் படிக்கிறது. கடைசிச் சொல் எண்ணாக இருந்தால் அது அளவு. அதற்கு முந்தைய சொற்கள் ‘போல்ட்’, ‘இட்டாலிக்’ போன்ற தெரிந்த பண்புச் சொற்களாக இருக்கும்வரை அவை பாணி. மிஞ்சியது குடும்பப் பெயர். ‘ஏரியல் பிளாக்’ என்ற தனிக் குடும்பத்தைக் கேட்டால், ‘பிளாக்’ என்பது தடிமனைக் குறிக்கும் சொல் என்பதால், ஏரியலின் மிகத் தடித்த வடிவம் என்று பொருள் கொள்ளப்படும். ஒரு குடும்பம் ‘யூனிவர்ஸ் 55’ என்ற பெயரிலேயே பதிவாகியிருந்தால் 55 அளவாகிவிடும். பெயருக்குப் பின் ஒரு காற்புள்ளி வைத்தால் இரண்டும் தீரும். பாங்கோவின் எழுதும் செயற்கூறு இதை அறிந்திருக்கிறது. குடும்பப் பெயர் பண்புச் சொல்லிலோ எண்ணிலோ முடியும் இடங்களில் காற்புள்ளியைத் தானே சேர்க்கிறது. நிரல் எழுதிய சரத்துக்கு இப்படிப் பாதுகாப்பு உண்டு. மனிதர் தட்டச்சிய சரத்துக்கு இல்லை.

‘போல்ட்’ என்பதில் ஓர் எழுத்து மாறிவிட்டதென்று கொள்வோம். பாங்கோ அதை மறுக்காது. தெரியாத சொல் என்பதால் குடும்பப் பெயரோடு ஒட்டிவிடும். ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ கேட்டவருக்கு, அந்தப் பெயரோடு பிழைச்சொல்லும் சேர்ந்த, உலகில் எங்குமில்லாத ஒரு குடும்பம் தேடப்படும். அடுத்த நிலையில் ஃபாண்ட்கான்ஃபிக்கும் மறுக்காது. நெருங்கியது எதுவோ அதைத் தரும். ஆங்கிலப் பகுதி கணினியின் இயல்பு எழுத்துருவில் வரும். அந்த எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் தமிழ்ப் பகுதிக்கு வேறொன்று தேடப்பட்டு, கணினியில் கிடைத்த ஏதோ ஒரு தமிழ் எழுத்துரு வந்து நிற்கும். இரண்டின் உயரமும் தடிமனும் ஒத்துப்போகாது. பார்ப்பவர் எழுத்துருவைக் குறை சொல்வார், அல்லது தமிழுக்கே கணினியில் இதுதான் கதி என்று விட்டுவிடுவார். பிழையின் தொடக்கம் ஒரு சரத்தில் இருந்தது என்பதற்கு எந்தத் தடயமும் மிஞ்சுவதில்லை.

ஹார்ஃப்பஸ் நூலகம் இதற்கு மாறான வழியில் போகிறது. அதன் அம்சச் சரத்தைப் படிக்கும் செயற்கூறு ஆம், இல்லை என்று பதில் சொல்லும். சரம் புரியவில்லை என்றால் இல்லை என்றே சொல்லும். நான்கு எழுத்துக்கு மேற்பட்ட அம்சக் குறியை அது ஏற்காது. அதே நூலகத்தில் வெறும் குறியை மட்டும் படிக்கும் மற்றொரு செயற்கூறு நீண்ட சரத்தின் முதல் நான்கு எழுத்துகளை எடுத்துக்கொண்டு மீதியைச் சத்தமின்றி விட்டுவிடுகிறது. ஒரே கூரையின் கீழ் இரண்டு கொள்கைகள். முதலாவதே சரி என்பது என் முடிவு. பதின்மப் புள்ளி விஷயத்தில் அந்த நூலகம் காட்டும் அக்கறையும் பின்பற்றத் தக்கது. சி மொழியின் வழக்கமான எண் படிக்கும் செயற்கூறு கணினியின் வட்டார அமைப்பைப் பார்த்து நடக்கும். ஜெர்மானிய அமைப்பில் காற்புள்ளியே பதின்மக் குறி என்பதால் 87.5 என்ற அகலம் 87 என்று அறுந்துபோகும். ஹார்ஃப்பஸ் வட்டார அமைப்பைச் சாராத தன் சொந்த எண் பகுப்பியை எழுதிக்கொண்டது.

இவ்வளவு கவனமாக எழுதப்பட்ட பகுப்பியும் தமிழிடம் வந்து தடுமாறுகிறது. ஓர் அம்சத்தை உரையின் ஒரு பகுதிக்கு மட்டும் பொருத்த, குறியை அடுத்துச் சதுர அடைப்பில் [2:4] என்று எல்லை தரலாம். தொடக்கம் சேரும், முடிவு சேராது. ‘கொடி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒருங்குறியில் ககரம், ஒகரக் குறி, டகரம், இகரக் குறி என நான்கு குறியெண்கள். குறியெண் கணக்கில் [2:4] என்பது ‘டி’யைக் குறிக்கும். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணுக்கும் மூன்று பைட். 0இலிருந்து எண்ணினால் டகரம் 6 என்ற எண்ணுள்ள பைட்டில் தொடங்குகிறது. பைட் கணக்கில் அதே [2:4] எதையும் தொடாது. குறியெண் கணக்கிலேயே [1:2] என்று கொடுத்தாலும் இதே கதிதான். ஹார்ஃப்பஸ் அதன் இயல்பு அமைப்பில் ‘கொ’ முழுவதையும் ஒரே கொத்தாக்கி இரண்டு குறியெண்களுக்கும் 0 என்ற எண்ணைத் தந்துவிட்ட பிறகே எல்லைகளைப் பொருத்துகிறது. 1 என்ற எண் உரையில் இருப்பதே இல்லை. பகுப்பி ‘சரி’ என்று சொல்லியிருக்கும். அம்சம் எங்கும் செயல்பட்டிருக்காது. சாதாரண ஆங்கிலச் சொல்லில் பைட்டும் குறியெண்ணும் கொத்தும் ஒன்றோடொன்று பொருந்திப் போவதால், ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதிப்பவருக்கு இந்த வேறுபாடு தென்படாது.

இதற்குப் பகுப்பியைக் குறை சொல்லலாமா என்ற கேள்வி நியாயமானது. எல்லைச் சரத்தைப் படிக்கும்போது உரை அதன் கையில் இல்லை. 1 என்ற எண் ஒரு கொத்தின் நடுவில் விழும் என்பதை அது அறிய முடியாது. ஆகவே பொறுப்பு இரண்டாகப் பிரிகிறது. எந்தக் கணக்கில் எண்கள் தரப்பட்டன என்பதைச் சரத்தின் இலக்கணத்திலேயே சொல்ல இடம் வேண்டும். இப்போது அது அழைப்பவரின் மனத்திலோ கட்டளை வரியின் தனி விருப்பத்தேர்விலோ இருக்கிறது. எல்லையைக் கொத்துகளின் விளிம்புக்கு நகர்த்தும் வேலையை, உரை கைக்கு வந்த பிறகு அழைக்கும் நிரல் செய்ய வேண்டும். ‘கொ’வின் நடுவில் தொடங்கும் எல்லை ‘கொ’ முழுவதையும் தழுவட்டும்.

பழைய சரங்கள் எண்ணற்ற அமைப்புக் கோப்புகளில் கிடக்கும்போது இலக்கணத்தை எப்படி இறுக்குவது என்பது மற்றொரு தடை. இன்று நெகிழ்வாகப் படிக்கப்படும் ஒரு சரத்தை நாளை மறுத்தால் ஒருவரின் திரை வெறுமையாகலாம். இந்தத் தடை பழைய செயற்கூறை மாற்றாமல் வைத்திருக்கக் காரணமாகலாம். அதன் அருகில் கண்டிப்பான மற்றொன்றை வைக்காமலிருக்கக் காரணமாகாது. புதிய செயற்கூறு எந்தச் சொல்லைப் பண்பாகக் கொண்டது, எதைப் பெயரோடு சேர்த்தது, எந்த இடத்தில் படிக்க முடியாமல் நின்றது என்பதைத் திருப்பித் தர வேண்டும். எழுத்துருத் தேர்வுப் பெட்டிகளும் சொற்செயலிகளும் அதைப் பயன்படுத்தினால், பிழையான குடும்பப் பெயர் தட்டச்சிய கணத்திலேயே பிடிபடும். சோதனைச் சரங்களில் காற்புள்ளி தேவைப்படும் பெயர்களும், ‘கொ’, ‘கௌ’, ‘ஸ்ரீ’ போன்று பல குறியெண்கள் சேர்ந்த எழுத்துகளின் நடுவில் விழும் எல்லைகளும், படித்து எழுதி மீண்டும் படித்தால் மாறக்கூடாத இணைகளும் இடம்பெற வேண்டும். இவற்றை எழுதித் தர நூலகத்தின் உள்ளமைப்பைக் கற்றுத் தேற வேண்டியதில்லை; தமிழ் அறிந்த நிரலர் எவரும் தரலாம்.