கடுக்காய்: மலச்சிக்கல் மருந்தும் தோல் பதனிடும் பொருளும்

கடுக்காய், ஏலகிரி, ஜவ்வாது உள்ளிட்ட கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் விளையும் துவர்ப்புச் சுவையுள்ள காய். சித்த மருத்துவத்தில் மலச்சிக்கலுக்கும் செரியாமைக்கும் மருந்தாகப் பயன்படுகிறது. கொட்டையை நீக்கிச் சதையை மட்டும் பொடித்து, இரவில் வெந்நீருடன் உட்கொள்வது வழக்கம். நெல்லிக்காய், தான்றிக்காயுடன் சேர்ந்தது திரிபலா.

மலையடிவார ஊர்களான வாணியம்பாடி, ஆம்பூரின் தோல் தொழிலுக்கும் இக்காய் தேவைப்பட்டது. துவர்ப்பைத் தரும் டானின், தோலின் புரதத்துடன் பிணைந்து அது அழுகாமல் காக்கிறது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலைக் கடுக்காய் நீரில் ஊறவைத்து நிறத்தைச் சீராக்கினர்.

அதே டானின் குடலில் வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்தும். காயிலுள்ள ஆந்த்ரகுவினோன் வகைச் சேர்மங்கள் மலத்தை இளக்கும். எனவே இம்மருந்தில் அளவு முக்கியம்.

1900களின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் பதனிடலை முன்னெடுத்தார். விரைவாக முடியும் அம்முறை பரவியபின் தொழிற்கூடங்களில் கடுக்காயின் இடம் சுருங்கியது. தோல் ஆலைக் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நாட்டு மருந்துக் கடைகளில் கடுக்காய் இன்றும் கிடைக்கிறது. ஆனால் நாட்பட்ட மலச்சிக்கலுடன் இரத்தப்போக்கோ எடைக்குறைவோ இருந்தால் மருத்துவப் பரிசோதனை அவசியம்.