ஒரே கல்லூரி, மூன்று வாசல்



நம் கல்லூரிக்குள் எல்லோரும் ஒரே வாசல் வழியாக வரவில்லை. மூத்தவர்கள் பி.யூ.சி. முடித்து வந்தவர்கள். 1978-ல் பிளஸ் டூ வந்தது. 1984-ல் நுழைவுத் தேர்வும் சேர்ந்துகொண்டது. பிளஸ் டூ மார்க்குக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300.

அந்தக் கடைசி 100-ல்தான் எங்கள் விஸ்வநத்தத்துப் பிள்ளைகள் பலர் சறுக்கினார்கள். 2004-ல் என் அண்ணன் பிளஸ் டூவில் நல்ல மார்க். ஆனால் மதுரையில் தங்கி கோச்சிங் படிக்கக் காசு இல்லை. அப்பாவுக்குப் பட்டாசு ஆபீஸில் வாரச் சம்பளம். அண்ணனும் அங்கேயே வேலைக்குப் போனான்.

தேர்வை நீக்க 2005-லும் 2006-லும் அரசு எடுத்த முயற்சிகள் உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2007-ல் சட்டம் நிலைத்தது. அந்த வருடம்தான் நான் பிளஸ் டூ. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, கட்-ஆஃப் அவ்வளவுதான். சீட் கிடைத்தது. பக்கத்துக் கர்நாடகத்தில் இன்றும் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கும் நுழைவுத் தேர்வு மார்க்கும் பாதிக்குப் பாதி.

"நீ என்னைவிடக் கெட்டிக்காரன் இல்லடா, மூணு வருஷம் பிந்திப் பொறந்தவன், அம்புட்டுத்தான்" என்பான் அண்ணன். உண்மைதான்.

2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. தம்பிகளே, அந்த வழியில் வருகிறவனை மார்க்கைச் சொல்லிக் கேலி செய்யாதீர்கள். நாம் எல்லோருமே அந்தந்த வருடத்து விதி திறந்துவிட்ட வாசலில் நுழைந்தவர்கள்தான்.